டிக் போனதற்கு ரிட் மனுவா?

“சார், ப்ளூ டிக்கை எடுத்துட்டாங்க. ஹைகோர்ட்ல ரிட் போட்டுடலாமா?” யூடியூப், இன்ஸ்டா வைத்துப் பிழைப்பு நடத்துபவர்கள் இப்படிக் கேட்டு வருவது இப்போது சகஜம். கணக்கு அசல்தான் என்று காட்டப் பெயருக்குப் பக்கத்தில் தளம் போடும் குறிதான் இந்த டிக்.

அவர்களிடம் எம். நாகேஸ்வர ராவ் வழக்கைச் சொல்வேன். சிபிஐயின் இடைக்கால இயக்குநராக இருந்தவர். ட்விட்டர் தன் டிக்கை எடுத்துவிட்டது என்று 2022இல் டெல்லி உயர் நீதிமன்றம் போனார். ஏப்ரலில் முதல் மனு முடித்துவைக்கப்பட்டது. மே மாதமே மறுபடி போனார். இப்போதுதானே உத்தரவு போட்டோம், அதற்குள் என்ன என்று கேட்ட நீதிமன்றம், 10,000 ரூபாய் செலவுத்தொகை விதித்து மனுவைத் தள்ளுபடி செய்தது.

2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் 4(7) இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பெரிய சமூக ஊடகங்கள், இந்தியப் பயனர் விரும்பினால் மொபைல் எண் போன்ற ஏதோ ஒரு வழியில் கணக்கைச் சரிபார்க்க வசதி தர வேண்டும். சரிபார்த்தவருக்குப் பார்த்தால் தெரிகிற அடையாளமும் தர வேண்டும். ஆனால் பிரபலங்களுக்குக் கொடுத்த அதே நீல டிக்தான் வேண்டும் என்று விதியில் இல்லை. வாதாட இடம் உண்டு. அதை மட்டும் நம்பிப் பணத்தைச் செலவழிக்க நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் டிக் போவதைவிட, உங்கள் பெயரில் இன்னொருவன் டிக் வாங்குவதுதான் ஆபத்து. 2022 நவம்பரில் ட்விட்டர் 8 டாலருக்கு டிக் விற்கத் தொடங்கியதும், எலி லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் ஒரு போலிக் கணக்கு “இன்சுலின் இலவசம்” என்று அறிவித்தது. அசல் நிறுவனம் மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது.

இந்த இடத்தில் சட்டம் உங்கள் பக்கம். ஆள்மாறாட்டப் புகாரைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அதே 2021 விதிகளின் 3(2)(பி)யின் கீழ் அனுப்புங்கள். விதி வந்தபோது நீக்குவதற்கான கெடுவே 24 மணி நேரம்தான். பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். பணமும் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம்.

பல புகார்கள் படுத்துவிடுவது ஆதாரத்தில்தான். வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது. பெயரை எந்த நிமிடமும் மாற்றிவிடுவார்கள். கணக்கின் முழு லிங்க், தேதி, நேரம் எல்லாம் வேண்டும். கோர்ட்டுக்குப் போனால், மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழும் கேட்பார்கள்; புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு அது. அதனால் ஸ்கிரீன்ஷாட் எடுத்த போனை ரீசெட் பண்ணிவிடாதீர்கள்.

அப்புறம் இன்னொன்று. கடையின் பக்கத்தை ஏஜென்சி பையன் தன் நம்பரில் தொடங்கி, தன் அடையாள அட்டையிலேயே டிக்கும் வாங்கியிருப்பான். சண்டை வந்து அவன் போய்விட்டால், தளத்தின் கண்ணில் அவன்தான் உரிமையாளர். அவன் வேலையில் இருக்கும்போதே மெயிலையும் நம்பரையும் உங்கள் பெயருக்கு மாற்றி, பக்கம் கடைக்குச் சொந்தம் என்று இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.