வாய்க்கால் விதிக்குள் எத்தனை உறுப்பு?

இலங்கையின் வன்னியில் போகத்துக்கு முன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் துருசு (குளத்து மதகு) திறக்கும் நாள், விதைப்பு முடியும் நாள், மாடு கட்டும் நாள் எல்லாம் முடிவாகும். கேட்க எல்லாம் ஒரே மாதிரியான தீர்மானங்கள்தான். பிரித்துப் பார்த்தால் அப்படியல்ல.

அரசறிவியலாளர்களான சூ குரோஃபர்டும் எலினோர் ஒஸ்ட்ரமும் 1995இல் இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தார்கள். உறுப்பு ஐந்து: யாருக்கு; கட்டாயமா, அனுமதியா, தடையா; எந்தச் செயல்; எப்போது, எங்கே; மீறினால் என்ன. "விதைப்புத் தொடங்கியபின் மாட்டுக்காரர் எவரும் மாட்டைக் கட்டாக்காலியாக வயலில் விடக்கூடாது, விட்டால் தண்டம்" என்பதில் ஐந்தும் இருக்கின்றன, அது விதி. தண்டத்தை எடுத்தால் நெறி. 'கூடாது' என்பதும் போய், "விடுவதில்லை" என்று மட்டும் நின்றால், அது வெறும் வழக்கம். சண்டைக்கு வசதியானது நான்காம் உறுப்பு. விதைப்புத் தொடங்கியது யாருடைய வயலில்? திகதி போட்டால் அந்தக் கேள்வியே எழாது.

இரண்டாம் உறுப்பில் வரும் கட்டாயத்தைத் தருக்கக் குறியீடாக்கியவர் பின்லாந்துத் தத்துவஞானி ஃபொன் ரைட், 1951இல். அவர் அனுமதியை அடிப்படையாக வைத்தார்: செய்யாமல் இருக்க அனுமதி இல்லையென்றால் அது கட்டாயம்; செய்ய அனுமதி இல்லையென்றால் தடை.

அழகான கணக்கு. அதை இடறவைத்தவர் அமெரிக்கத் தத்துவஞானி றொடெரிக் சிசம், 1963இல். அவருடைய புதிரை நம் வாய்க்காலுக்குக் கொண்டுவரலாம். கமக்காரர் துப்புரவுக்கு வரவேண்டும். வந்தால் அவருக்குப் பதிலாகக் கூலியாள் பிடிக்கக்கூடாது. வராவிட்டால் பிடிக்கவேண்டும். அவர் வரவில்லை. நான்கிலும் குறையில்லை. ஆனால் பழைய குறியீட்டில் முதல் இரண்டிலிருந்து 'பிடிக்கக்கூடாது' கட்டாயமாகிறது. கடைசி இரண்டிலிருந்து 'பிடிக்கவேண்டும்' கட்டாயமாகிறது. முன்னவை எல்லாரும் விதிப்படி நடக்கும் நாளைப் பற்றியவை. பின்னவை மீறல் நடந்துவிட்ட நாளைப் பற்றியவை. குறியீடு இரண்டையும் ஒரே நாளாக எடுத்துக்கொண்டது.

பின்வந்தவர்களின் ஒரு திருத்தம், நிலைமைகளை வரிசைப்படுத்துவது. தானே வந்தது மேல். வராமல் ஆள் அனுப்பியது அடுத்தது. இரண்டும் இல்லாதது கடைசி. "வராத நிலையில் எது கட்டாயம்?" என்று கேட்டால், வந்த நிலையை விலக்கி, மிஞ்சியவற்றில் மேலானதை எடுக்கவேண்டும்: ஆள் அனுப்புதல்.

இதை "வா, அல்லது ஆள் அனுப்பு" என்று சுருக்கினால் விதியே மாறிவிடும். அப்போது ஆள் அனுப்பியவர் எதையும் மீறவில்லை. கையில் காசுள்ளவர் ஒவ்வொரு முறையும் ஆளையே அனுப்பலாம். முந்தைய விதியில், வாய்க்கால் வேலையைக் கண்காணிக்கும் வட்ட விதானையின் கொப்பியில் அவருக்கு இரண்டு பதிவு விழும்: வரவில்லை, ஆள் அனுப்பினார்.