உழவர் சந்தையை யார் நடத்துவது? இப்போதைய விதியும் விவசாயிக்கு உள்ள உரிமையும்

உழவர் சந்தை இருக்கிற ஊர்களில் அடிக்கடி கிளம்பும் பேச்சு இது. "விக்கிறது நாங்க, நிர்வாகம் மட்டும் ஏன் அதிகாரிங்க கையில?" என்று விவசாயிகள் கேட்கிறார்கள். இடம் ஊருக்குள் இருப்பதால் நகராட்சியே எடுத்து நடத்தட்டும் என்கிறார்கள் சிலர். விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிடம் கொடுத்துவிடலாம் என்ற யோசனையும் இருக்கிறது. இதில் எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவு செய்யும் முன், சந்தை இன்று எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில் திறக்கப்பட்டது. அப்போது மு. கருணாநிதி முதலமைச்சர். இதற்கு முன்பே பஞ்சாபில் 'அப்னி மண்டி', ஆந்திராவில் 'ரைது பஜார்' என்று இதே வகைச் சந்தைகள் வந்திருந்தன. விளைவித்தவரே நேரடியாக விற்க வேண்டும், நடுவில் தரகும் கமிஷனும் கூடாது என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. 2001-க்குப் பிறகு சில ஆண்டுகள் இந்தச் சந்தைகள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. 2006-க்குப் பிறகு மறுபடி உயிர் பெற்றன. ஆட்சி மாறினால் சந்தையின் நிலையும் மாறுகிறது என்ற இந்த அனுபவம்தான், "எங்க கையில இருந்தா இப்படி ஆகுமா" என்ற கேள்விக்குப் பெரிய காரணம்.

இப்போது சந்தைகள் வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறையின் பொறுப்பில் இருக்கின்றன. ஒவ்வொரு சந்தைக்கும் ஒரு நிர்வாக அலுவலர் உண்டு. கடைக்கு வாடகை இல்லை, தரகு இல்லை. தராசும் சந்தையிலேயே தருவார்கள். காய்கறி மூட்டைகளை அரசுப் பேருந்தில் கட்டணமில்லாமல் ஏற்றிவர வழி செய்ததும் இந்தத் திட்டம்தான். விடியும் முன்பே கீரைக்கட்டோடு பேருந்து ஏறுகிற ஒரு அம்மாவுக்கு இது சின்ன விஷயமில்லை. கீரையில் கிடைக்கும் லாபமே சில நாள் வண்டிச் செலவுக்குச் சரியாகப் போய்விடும்.

சந்தைக்குள் கடை போட அடையாள அட்டை வேண்டும். உண்மையான சண்டை முழுக்க இந்த அட்டையைச் சுற்றித்தான் நடக்கிறது. நிலமும் சாகுபடியும் உங்களுடையதுதான் என்று கிராம நிர்வாக அலுவலர் சான்று தர வேண்டும். வேளாண்மை அல்லது தோட்டக்கலைத் துறை அலுவலர் வயலைப் பார்த்து, என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று உறுதி செய்ய வேண்டும். சிட்டா (நிலம் யாருடையது என்ற பதிவு), அடங்கல் (அதில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற பதிவு), ஆதார், புகைப்படம் எல்லாம் கையில் இருக்கட்டும். வாய்மொழிக் குத்தகையில் பயிர் செய்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். சிட்டா நில உடைமையாளர் பேரில் இருக்கும். அடங்கலில் சாகுபடியாளராக உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் மனு கொடுங்கள்.

அட்டை சரியாகக் கொடுக்கப்படாத இடத்தில் வியாபாரி உள்ளே வந்துவிடுகிறார். கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு மேடையில் கத்தரிக்காய், வெண்டைக்காய், பக்கத்திலேயே பெரிய வெங்காயம், கேரட், பீட்ரூட் என்று பத்துப் பன்னிரண்டு வகை குவிந்திருக்கும். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரின் வயலில் ஒரே வாரத்தில் இத்தனையும் காய்க்காது. மலைக்காய்களுக்குத் தனி ஏற்பாடு உள்ள சந்தைகளும் உண்டு, அதனால் கேரட்டைப் பார்த்தவுடன் சந்தேகப்படத் தேவையில்லை. அட்டையில் எழுதியிருக்கிற பயிரும் மேடையில் இருக்கிற சரக்கும் ஒத்துப்போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது விலை. தினமும் காலையில் பலகையில் எழுதிப் போடுகிற விலையை யாரும் இஷ்டத்துக்கு வைப்பதில்லை. மொத்த மார்க்கெட் விலையைவிட சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும், வெளியே சில்லறைக் கடையில் விற்பதைவிட சுமார் 15 சதவீதம் குறைவாகவும் இருக்க வேண்டும் என்பது கணக்கு. விவசாயிகளையும் கலந்து பேசித்தான் இதை நிர்ணயிக்க வேண்டும். ஆனால் யார் கலந்து பேசப்பட்டார்கள் என்று கேட்டால் பல இடங்களில் பதில் வராது. முன்வரிசையில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும் நாலு பேரைக் கேட்டுவிட்டு எழுதினால், அது கலந்து பேசியதாகாது.

சரி, வேறு யாரிடம் கொடுக்கலாம்? உள்ளாட்சியிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வாரச்சந்தைகளைப் பார்த்தாலே போதும். ஊராட்சி, பேரூராட்சி வாரச்சந்தைகளில் பெரும்பாலும் வசூல் உரிமை ஏலத்துக்குப் போகிறது. ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை எடுக்க வேண்டும், அதனால் கூடைக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு என்று வசூல் நடக்கும். கட்டண விவரப் பலகை வைப்பதும் ரசீது கொடுப்பதும் ஏல நிபந்தனையில் இருப்பது வழக்கம். நடைமுறையில் ரசீது கேட்கிற விவசாயிக்கு மறுவாரம் நல்ல இடம் கிடைக்காமல் போகலாம். உழவர் சந்தைக்கு ஏலம் வரவே கூடாது. வாடகையில்லாத மேடைதான் இந்தத் திட்டத்தின் உயிர்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் சிறுதானியம், பருப்பு, செக்கு எண்ணெய் விற்க வரட்டும், அதில் நன்மைதான். ஆனால் முழு நிர்வாகத்தையும் ஒரு நிறுவனத்திடம் கொடுத்தால், அதில் பங்கு வாங்காத சின்ன விவசாயி அட்டைக்கு யாரிடம் போய் நிற்பார்? விவசாயிகள் சங்கத்திடம் கொடுத்தாலும் இதே சிக்கல்தான். ஒரு ஊரில் ஒரே சங்கமா இருக்கிறது?

இடம், கட்டடம், தராசு, சம்பளம் இவை அரசிடமே இருக்கட்டும் என்பது என் கருத்து. அட்டை சரிபார்ப்பிலும் விலை நிர்ணயத்திலும் அட்டைதாரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஆட்கள் உட்கார வேண்டும். இது நடக்காத கனவு இல்லை. 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்படி, தெருவோரக் கடை விஷயங்களைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும், அந்த இடங்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. தள்ளுவண்டிக்காரருக்குச் சட்டம் கொடுத்த இந்த உரிமையை உழவர் சந்தை விவசாயிக்கு ஏன் கொடுக்கக் கூடாது? பெண்களுக்கான பங்கு இங்கே இன்னும் அவசியம். காய் பறித்து, கட்டி, கொண்டுவந்து விற்பதில் பெண்கள் நிறையப் பேர். அட்டையோ பெரும்பாலும் பட்டா வைத்திருக்கிற ஆண் பெயரில்.

அது வரும்வரை கையில் இருக்கிற வழிகளைப் பயன்படுத்தலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் மனு கொடுங்கள், ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒரு ஆளாகப் போவதைவிட அட்டைதாரர்கள் பத்துப் பேர் கையெழுத்திட்டுப் போனால் கவனிப்பு வேறு மாதிரி இருக்கும். ஊராட்சி வாரச்சந்தை வசூல் பிரச்சினை என்றால் கிராம சபையில் எழுப்பலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும். அப்புறம், தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். "வியாபாரிகளை ஏன் விடுகிறீர்கள்" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. இந்தச் சந்தையில் நடப்பில் உள்ள அட்டைகள் எத்தனை, கடந்த ஓராண்டில் எத்தனை வயல்களை நேரில் ஆய்வு செய்தார்கள், எத்தனை அட்டைகளை ரத்து செய்தார்கள், அன்றன்றைய விலையை நிர்ணயித்த பதிவேட்டின் நகல் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.