பூக்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய பார்த்தீனியம்

மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து அரிப்போடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வரப்பில் என்ன களை நிற்கிறது?" என்றுதான். கண் இமை, கழுத்து மடிப்பு, முழங்கையின் உள்பக்கம் எல்லாம் ஒருசேரச் சிவந்து தடித்திருந்தால், என் சந்தேகம் பார்த்தீனியத்தின் மேல்தான் போகும். அதன் தூசு காற்றில் வந்து படிகிற இடங்கள் அவை. செடி வீட்டைச் சுற்றி நிற்கும்வரை, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு நாலு நாள் அடக்கும், அவ்வளவுதான். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்துபோவதும் நடக்கும்.

மெக்சிகோ பக்கத்துச் செடி இது. 1950களில் புனேயில் கண்டார்கள். இன்று நம் கால்வாய் ஓரம், காலி மனை, ரோட்டோரம் எங்கும் மண்டிக் கிடக்கிறது.

வெள்ளைப் பூ வந்த பிறகு யாருக்கும் அடையாளம் தெரியும். ஆனால் ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும், அதனால் அதற்கு முன்பே தெரிந்தாக வேண்டும். ஐப்பசி மழை பெய்து முளைப்பு வந்ததும் குனிந்து பாருங்கள். ஆழமாகக் கிழிந்த கேரட் தழை போன்ற இலைகள் தரையோடு ஒட்டி வட்டமாகப் படர்ந்திருக்கும். நடுவில் தண்டு எழும்பியதும் நீளவாக்கில் வரிவரியாக மேடு தெரியும், மேலே சன்னமான ரோமம். செண்டுப்பூ நாற்று என்று நினைத்துக் களையெடுக்காமல் விடுகிறவர்கள் உண்டு. செண்டு நாற்று தரையில் படராது. அதன் இலைகள் எதிரெதிராக, ஓரம் பல்பல்லாக இருக்கும். சந்தேகம் வந்தால் கசக்கி முகர்ந்து பார்க்காதீர்கள்.

ஈர மண்ணில், கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டு வேரோடு பிடுங்குங்கள். காய்ந்த பிறகும் வீரியம் போவதில்லை, எனவே குவித்துவைத்து அடித்து உதறக் கூடாது. துப்புரவு முகாம் என்று பள்ளிப் பிள்ளைகளை வெறுங்கையால் இதைப் பிடுங்க வைப்பதைப் பார்க்கும்போது பதறுகிறது. ஒவ்வாமை ஒருமுறை உடம்பில் ஏறிவிட்டால் லேசில் இறங்காது. செவ்வந்தியும் இதே குடும்பம் என்பதால் அதுவும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகிறது. மாட்டுத்தாவணியில் பூக்கட்டிப் பிழைப்பவருக்கு அது பிழைப்பிலேயே கைவைக்கிற விஷயம்.

அரிப்பு இருந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள். செடியைப் பிடுங்கிப் பையில் கொண்டுவர வேண்டாம். இலையும் தண்டும் தெரிகிற மாதிரி செல்போனில் படம் எடுத்து வந்தால் போதும்.