பம்பரத்தை நிமிர்த்துவது மழுங்கின ஆணி

பம்பரம் விட்டவர்களுக்குத் தெரியும், சாட்டையைச் சுண்டி இழுத்ததும் அது பெரும்பாலும் சாய்ந்தபடிதான் தரையில் இறங்கும், கொஞ்ச நேரம் தலையைச் சுற்றிச் சுற்றி ஆட்டும், அப்புறம் யாரும் தொடாமலே நிமிர்ந்து, சுற்றுகிறதா சும்மா நிற்கிறதா என்று சந்தேகம் வருகிற மாதிரி ஒரே இடத்தில் நிற்கும். விழாமல் இருப்பதைத்தான் எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கு அது நிமிர்வதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

முதலில் வேகம். சாட்டையை ஆணியில் தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுவோம் இல்லையா, அவிழும்போது அது அகலமான வயிற்றில் தொடங்கி ஆணிப்பக்கம் இறங்கும். அகலத்தில் இழுத்தால் திருப்புவிசை அதிகம், அசையாத கட்டையைச் சுழல வைக்க அதுதான் வேண்டும். குறுகலுக்கு வந்ததும் அதே கயிற்று வேகம் கூடுதல் சுற்றாக மாறுகிறது. கயிறு நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் அவிழ்கிறது என்று வைத்துக்கொண்டால், 2.5 செ.மீ. ஆரத்தில் நொடிக்கு 19 சுற்று, 1 செ.மீ. ஆரத்தில் 48 சுற்று. சைக்கிளில் கியர் மாற்றுகிற அதே கணக்குதான்.

சரி, சாய்ந்தது ஏன் விழவில்லை? வேகமாகச் சுழலும் பொருளின் அச்சைப் புவியீர்ப்பு கீழே சாய்க்கப் பார்த்தால், அது கீழே போகாமல் பக்கவாட்டில் நகரும். தலையாட்டம் என்பது இந்த நகர்வுதான். சுழற்சி குறையக் குறைய ஆட்டம் வேகமாகும், அதனால்தான் ஓயப்போகிற பம்பரம் தலையை அவ்வளவு அவசரமாக ஆட்டுகிறது.

ஆனால் இதை மட்டும் வைத்துப் பார்த்தால் பம்பரம் சாய்ந்தபடியே வட்டமடிக்க வேண்டும், நிமிரக் காரணமே இல்லை. நிமிர்த்துவது உராய்வு. ஆணியின் முனையை உற்றுப் பார்த்தால் அது சின்னதாக ஒரு உருண்டை. சாய்ந்திருக்கும்போது தரையைத் தொடுவது முனையின் நடு இல்லை, ஓரம். அந்த ஓரம் சுழன்றுகொண்டே தரையைத் தேய்க்க, தரை அதை எதிர்த்துத் தள்ளுகிறது, அந்தத் தள்ளல் தலையாட்டத்தை முடுக்கும் திசையில் அமைகிறது. கீழே தள்ளினால் பக்கவாட்டில் போகிற அதே அச்சு, பக்கவாட்டில் முடுக்கினால் மேலே ஏறும்! நிமிர்ந்தபின் நடுப்புள்ளி மட்டும்தான் தரையில், தேய்மானம் குறைவு, அதனால் அந்த நிலையில் அவ்வளவு நேரம் தாங்குகிறது.

சுற்றும்போதே தலைகீழாகக் கவிழ்ந்து காம்பின்மேல் நிற்கிற ஒரு பொம்மைப் பம்பரம் உண்டு, அதிலும் உராய்வின் வேலைதான். இயற்பியல் நோபல் வாங்கிய நீல்ஸ் போரும் வூல்ஃப்காங் பாலியும் ஸ்வீடனின் லுண்ட் நகரில் அதைத் தரையில் விட்டுக் குனிந்து வேடிக்கை பார்க்கும் புகைப்படம் இருக்கிறது.

நிமிர்வதற்கு உருண்டை முனைதான் வேண்டும் என்றால், தெருவில் விளையாடும் பையன்கள் செய்வதோ நேர்மாறு. வட்டத்துக்குள் கிடக்கிற அடுத்தவன் பம்பரத்தில் ஆக்கர், அதாவது ஆணி குத்தின பள்ளம், ஆழமாக விழ வேண்டுமென்று ஆணியைக் கருங்கல்லில் தேய்த்துக் கூராக்குவார்கள். கூர் முனையில் ஓரம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது, நிமிர்த்தும் தள்ளலும் பலவீனமாகிவிடும், மண்தரை என்றால் குழி பறித்துக்கொண்டு சீக்கிரமே ஓய்ந்தும் போகும். குத்தவும் வேண்டும், நெடுநேரம் நிற்கவும் வேண்டும் என்றால் இரண்டு பம்பரம் வைத்துக்கொள்வதுதான் வழி.