‘சாப்பிட்டுட்டுத்தானே போட்டேன், டாக்டர்!’

வலி மாத்திரையை எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டால், இந்த மாதமும் அதே பதில்தான். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் அம்மா ஒருவர். வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்து மலம் தாராகக் கறுத்து, உடம்பில் ரத்தம் பாதியாக இறங்கிய பிறகு கடலூருக்குக் கூட்டி வந்தார்கள். மூட்டுவலிக்கு மாதக்கணக்கில், மருந்துக்கடையில் பல மாத்திரைகளைக் கத்தரித்துச் சேர்த்துக் கொடுக்கும் ‘செட்டு மாத்திரை’. கேட்டால், “வெறும் வயித்துல போடல சார். கேஸ் மாத்திரையும் சேத்துத்தான் குடுத்தாங்க” என்கிறார்.

அமிலத்தைக் குறைக்கும் இந்தக் ‘கேஸ் மாத்திரை’ மேல் உள்ள நம்பிக்கைதான் எனக்கு எரிச்சல். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், மெஃபனாமிக் ஆசிட் எல்லாம் ஒரே வலி மாத்திரைக் குடும்பம். சாப்பிட்டுப் போட்டால் வயிற்றெரிச்சல் குறையலாம், அவ்வளவுதான். மாத்திரை இரைப்பையில் பட்டதால் மட்டும் புண் வருவதில்லை. ரத்தத்தில் கலந்த மருந்து, இரைப்பைச் சுவரைக் காக்கும் சுரப்பையே குறைத்துவிடுகிறது. அதனால்தான் இடுப்பில் ஊசியாகப் போட்டாலும் புண் வருகிறது. நாலு இட்லி சாப்பிட்டாலும் இதே கதைதான். கேஸ் மாத்திரை இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் ஓரளவு காவல். அதற்குக் கீழே காவல் இல்லை. செட்டில் ஸ்டீராய்டும் இருந்துவிட்டால் ஆபத்து இன்னும் கூடும்.

சரி, வயிற்றைக் காப்பாற்றிவிட்டீர்கள். சிறுநீரகத்துக்கு எந்த கேஸ் மாத்திரை? அக்னி நட்சத்திர வெயிலில் நெல்லிக்குப்பம் பக்கம் நாளெல்லாம் கரும்பு வெட்டிவிட்டு, தண்ணீரும் சரியாகக் குடிக்காமல், ராத்திரி ஒரு வலி மாத்திரை. பிரஷருக்கு டெல்மிசார்ட்டானோ எனலாப்ரிலோ, கூடவே நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்றால் கேட்கவே வேண்டாம். சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு கிரியேட்டினின். அது ஏறும்போது வலிக்காது, அதுதான் கொடுமை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்ததால்தான் 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். மனிதருக்கும் டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துதான். அட்டையிலேயே எழுதியிருக்கிறது, யார் படிக்கிறார்கள்!

இதயமும் தப்பாது. பிரஷர் ஏறும், கால் வீங்கும். இந்த வகையைச் சேர்ந்த ரோஃபகாக்சிப், மாரடைப்பு அபாயத்தால் 2004இல் சந்தையை விட்டே போனது. இதயத்துக்கு ஆஸ்பிரின் போடுகிறவர் இபுப்ரோஃபென் சேர்த்தால், ஆஸ்பிரின் வேலை செய்யாமலே போகலாம்.

மழைக்காலக் காய்ச்சலுக்கு வலி ஊசி கேட்காதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு கூடும், பாரசிட்டமால் போதும். ஐந்து மாதம் தாண்டிய கர்ப்பிணிகள் டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மலம் கறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, முகம் வீங்கினாலோ அன்றைக்கே வாருங்கள், அமாவாசை போகட்டும் என்று உட்காராதீர்கள்.

முழங்கால் வலிக்கு முதலில் தடவும் ஜெல்லைப் போட்டுப் பாருங்கள் அம்மா. ரத்தத்தில் சேருவது மிகக் குறைவு, பலருக்கு அதுவே போதும். வரும்போது மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்து வாருங்கள். செட்டாகக் கத்தரித்துக் கொடுத்தால் கடையிலேயே பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.