குழந்தைக்குச் செரிக்காத சர்க்கரை

சிசேரியன் ஆன மறுநாள் ஒரு தாயைப் பார்க்க வார்டுக்குப் போயிருந்தேன். கட்டிலோரம் பாட்டி, கையில் பாலாடை, அதில் சீனித் தண்ணீர். "பால் இன்னும் ஊறல டாக்டரம்மா. பீச்சினா நாலு சொட்டு மஞ்சத் தண்ணிதான் வருது. பிள்ளை பசியில கத்துதே" என்றார்.

பாட்டியின் பாலாடையில் இருந்தது சர்க்கரை. அந்த நாலு சொட்டு சீம்பாலில் இருப்பதும் சர்க்கரைதான். ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறு.

தண்ணீரை விட்டால் தாய்ப்பாலில் அதிகம் இருப்பது லாக்டோஸ் என்ற சர்க்கரை, லிட்டருக்கு ஏறத்தாழ 70 கிராம். குழந்தை வளர அது ஒரு முக்கிய எரிபொருள். லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்த இடத்தில் ஒலிகோசாக்கரைடுகள் என்னும் சர்க்கரைக் கூட்டம் இருக்கிறது. லிட்டருக்கு 5 முதல் 15 கிராம். சீம்பாலில் 20 கிராமையும் தாண்டும். வகைகள் மட்டும் 150க்கு மேல். பசும்பாலில் இவை மிகச் சொற்பம்.

வேடிக்கை என்னவென்றால், இவற்றைக் குழந்தையால் செரிக்க முடியாது. அதற்கான நொதிகள் நம் குடலில் இல்லை. முதன்முதலில் படித்தபோது எனக்கே புரியவில்லை. பெற்றவள் தன் உடம்பை உருக்கித் தயாரிப்பது குழந்தைக்குச் சேராமல் போவதற்கா?

சாப்பிடுகிற ஆள் வேறு. பெருங்குடலில் வாழும் பிஃபிடோ பாக்டீரியா இந்தச் சர்க்கரையை விரும்பித் தின்னும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் அது மிகுந்திருப்பதை 1900 வாக்கிலேயே பாரிஸில் கண்டுவிட்டார்கள். அதை வளர்ப்பது தாய்ப்பாலில் உள்ள இந்தச் சர்க்கரைகள் என்பது தெளிவாக 1950கள் ஆயின. அது தின்றுவிட்டு அசிட்டிக் அமிலம், லாக்டிக் அமிலம் இரண்டையும் வெளிவிடும். குடல் புளித்துவிட்டால் கெட்ட கிருமிகளுக்கு அங்கே பிழைப்பு கஷ்டம். "மலம் மஞ்சளா, இளகலா, புளிச்ச வாடையா போகுது" என்று பதறிப்போய் போனில் படம் அனுப்பும் அம்மாக்களே, அந்த வாடைக்கு இதுவும் ஒரு காரணம். பயப்பட வேண்டாம்.

இன்னொரு வேலையும் உண்டு. வயிற்றுப்போக்கு தரும் கிருமிகள் பல, குடல் சுவரில் உள்ள சர்க்கரை முனைகளைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழையும். தாய்ப்பால் சர்க்கரைகள் சிலவற்றுக்கும் அதே சாயல். கிருமி ஏமாந்து இவற்றைப் பற்றிக்கொள்ளும், மலத்தோடு போய்விடும். கேம்பிலோபாக்டர் என்ற கிருமி இப்படி ஏமாறுவதை ஆய்வகத்தில் தெளிவாகவே பார்த்திருக்கிறார்கள். இந்தச் சர்க்கரைகளில் ஒரு சிறு பங்கு, சுமார் 1 சதவீதம், குழந்தையின் இரத்தத்திலும் கலக்கிறது.

எல்லாத் தாய்மாரின் பாலிலும் ஒரே கலவை இருக்காது. ஒரு மரபணு வேறுபாட்டால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரின் பாலில் சில வகைகள் இருப்பதில்லை. மற்றவை இருக்கும், கவலை வேண்டியதில்லை. சில மாவுப் பால்களில் இப்போது ஒரு சில வகைகளைச் செயற்கையாகச் சேர்க்கிறார்கள். மருத்துவக் காரணத்துக்காக மாவுப் பால் கொடுக்க நேர்ந்தால் குற்ற உணர்ச்சி வேண்டாம், கொடுங்கள். "தாய்ப்பாலுக்குச் சமம்" என்ற விளம்பரத்தை மட்டும் நம்பாதீர்கள். 150 எங்கே, ஒரு சில எங்கே! தானமாகப் பெற்ற தாய்ப்பாலை வங்கியில் 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கினாலும் இந்தச் சர்க்கரைகள் பெரிதாகக் குறைவதில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு அது பெரிய வரம்.

சீனித் தண்ணீர், கழுதைப்பால், சேனை வைப்பது எதுவும் முதல் ஆறு மாதம் வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. அதிலிருந்து பாட்டுலிசம் என்ற கொடிய நோய் வரலாம்.

பாட்டி கடைசியில் கேட்டார்: "அப்போ இது பிள்ளைக்கு இல்லையா, கிருமிக்கா?" நல்ல கிருமிக்கு என்றேன். முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் போதும் என்றும் சொன்னேன். பாலாடையைக் கழுவி வெந்நீரில் போட்டு எடுத்து வந்தார். நர்ஸ் பீச்சிக் கொடுத்த மஞ்சள் சொட்டுகள் அதன் அடியைக்கூட மூடவில்லை. அதையே ஊட்டினோம், அப்புறம் பிள்ளையை அம்மாவின் மார்பில் போட்டோம்.