ஷூவின் சோலை மாற்ற முடியுமா என்று கேட்டுவிட்டு விலையைக் கேளுங்கள்

சில மாதங்களுக்கு முன் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் தம்முடைய கறுப்பு ஷூக்களை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். மூத்த மகளின் திருமணத்துக்கென்று 9,000 ரூபாய் கொடுத்து வாங்கி, மொத்தம் மூன்றே முறை அணிந்துவிட்டு, அட்டைப்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த ஜோடி அது. ஐந்து ஆண்டு கழித்து இளைய மகளின் வரவேற்பன்று அதை மாட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் நடந்தபோது, அடிப்பாகம் பிட்டுப் பிட்டாக உதிர்ந்து, போன வழியெல்லாம் கறுப்புத் துகளாகச் சிந்தியிருக்கிறது. "இவ்வளவு விலை கொடுத்தும் ஏமாந்துவிட்டேன் சார்" என்றார். மேல்தோலை மடக்கிப் பார்த்தேன். குறை சொல்ல முடியாத தோல், தையலும் ஒழுங்காக இருந்தது. கெட்டுப்போனது சோல் எனும் அடிப்பாகம் மட்டும்தான்.

அந்தச் சோல் பாலியூரித்தேனால் ஆனது. கடையில் பி.யூ. சோல் என்பார்கள். எடை குறைவு, காலுக்கு மெத்தென்றிருக்கும், வார்ப்பதும் எளிது என்பதால் விலை மலிந்த ஷூவிலும் இருக்கும், விலை உயர்ந்த ஷூவிலும் இருக்கும். ஆனால் அதில் ஒரு வகை, காற்றில் உள்ள ஈரத்தால் உள்ளுக்குள்ளேயே மெல்ல மெல்லச் சிதையும். சென்னை போன்ற கடலோர ஊரில், காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள், ஒரு பாலித்தீன் உறையும் சுற்றி வைத்தால், அணியாமல் இருக்கும்போதே அந்தச் சிதைவு நடந்துகொண்டிருக்கும். அவர் பத்திரமாக வைத்திருந்ததுதான் உண்மையில் அந்த ஷூவுக்குச் செய்த கேடு.

ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் ஏற்றுமதி ஷூ தொழிற்சாலைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன் நான். தோலை வெட்டும் கிளிக்கிங், அப்பர் என்னும் மேற்பகுதியைத் தைக்கும் குளோசிங், லாஸ்ட் என்னும் பாத வடிவ அச்சில் ஏற்றி இழுக்கும் லாஸ்டிங், மெருகேற்றும் ஃபினிஷிங் என்று ஒவ்வொரு பிரிவிலும் ஜோடிகளைத் தள்ளியும் தேர்ந்தும் பழகியதால், விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் ஷூவைத் திருப்பிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மேலே பளபளப்பைப் பார்க்கிறார்கள். ஆயுளைத் தீர்மானிக்கும் வேலை அடியில் நடந்திருக்கிறது.

ஆண்களுக்கான அலுவலக ஷூக்களில் அப்பரையும் சோலையும் இணைக்கப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. முதலாவது சிமென்டட்: லாஸ்டில் இழுத்து மடித்த அப்பரின் அடியில் பசை தடவி, சோலை ஒட்டி அழுத்திவிடுவது. நம் கடைகளில் கிடைப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்த வகைதான். இதைத் தரக்குறைவு என்று நான் சொல்லமாட்டேன், நல்ல பசையும் நல்ல ரப்பர் சோலும் சேர்ந்தால் உழைக்கும். இரண்டாவது பிளேக் தையல்: அமெரிக்கரான லைமன் பிளேக் 1858இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தின் பெயரால் வந்தது. உள்ளே பாதம் பதியும் தட்டான இன்சோலிலிருந்து அடிச்சோல் வரை ஒரே தையலாக ஓடும். ஷூ மெலிதாக, நன்கு வளைவதாக அமையும். ஆனால் மழையில் நடந்தால் தையல் துளை வழியே தண்ணீர் ஏறும்.

மூன்றாவதான குட்இயர் வெல்ட்டுக்குத்தான் இன்று அதிக விலை சொல்கிறார்கள். டயர் நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ரப்பரைப் பதப்படுத்தும் முறையைக் கண்ட சார்ல்ஸ் குட்இயரின் மகன், பெயரும் அதே, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரப்பிய இயந்திர முறை இது. ஷூவைச் சுற்றி வெல்ட் என்னும் ஒரு தோல் பட்டையை வைத்து, அப்பர், லைனிங், இன்சோலின் விளிம்பு, இந்தப் பட்டை ஆகியவற்றை முதல் தையல் சேர்க்கிறது. பிறகு பட்டையையும் அடிச்சோலையும் இரண்டாவது தையல் தனியே சேர்க்கிறது. இடையில் உள்ள குழிவில் கார்க் நிரப்புகிறார்கள், நாள்பட அது உங்கள் பாதத்தின் வடிவுக்கு அமுங்கிக்கொள்ளும். சோல் தேய்ந்தால் இரண்டாவது தையலை மட்டும் பிரித்துப் புதிய சோலைத் தைக்கலாம்; அப்பருக்கு ஊசி படாது. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தின் பெரும் நியாயம் இந்த ஒரு வசதியில் இருக்கிறது.

அதனாலேயே போலியும் மிகுதி. ஒட்டிய சோலின் விளிம்பில், தையல் போட்டதுபோல அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பட்டையை ஒட்டிவிடுகிறார்கள். சிலவற்றில் உண்மையான நூலே இருக்கும், ஆனால் அது பட்டையில் மட்டும் ஓடும், சோலைத் தொடாது. ஷூவின் உள்ளே கைவிட்டுப் பாருங்கள்: இன்சோலில் சுற்றிலும் தையல் தட்டுப்பட்டால் அது பிளேக். உள்ளே தையல் இல்லாமல், விளிம்பில் உள்ள தையலுக்கு இணையாகச் சோலின் அடியிலும் தையல் ஓடினால் பெரும்பாலும் வெல்ட். அடியில் தெரியவில்லை என்பதற்காகவே போலி என்றும் முடிவுகட்டக் கூடாது. தோல் சோலைக் கீறி, உள்ளே தைத்து, மூடிவிடும் நேர்த்தியான வேலையும் உண்டு. ஐயம் இருந்தால், சோலை நீங்களே மாற்றித் தருவீர்களா, எவ்வளவு ஆகும் என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

தோலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'ஜெனுயின் லெதர்' என்ற முத்திரை அது தோல் என்பதை மட்டும் சொல்கிறது, எந்தத் தரம் என்பதைச் சொல்வதில்லை. இயற்கையான மேற்பரப்பு அப்படியே இருக்கும் ஃபுல் கிரெயின் தோல் ஒரு தரம். வடுக்களை மறைக்கத் தேய்த்து, மேலே வண்ணப் பூச்சு ஏற்றிய கரெக்டட் கிரெயின் வேறொரு தரம். பின்னது முதல் நாளில் கண்ணாடிபோல் மின்னும், நாளாக ஆக மடிப்பு விழும் இடத்தில் பூச்சு வெடிக்கலாம். விரலால் முன்பகுதியை மெதுவாக மடக்குங்கள். நெருக்கமான சன்னச் சுருக்கங்கள் விழுந்து, விட்டதும் மறைந்தால் நல்ல தோல். தளர்ந்த பெரிய மடிப்புகள் விழுந்தால், விலங்கின் வயிற்றுப் பகுதியிலிருந்து வெட்டிய துண்டாக இருக்கலாம். கிளிக்கிங் மேசையில் சிக்கனம் பார்த்திருக்கிறார்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்து அளவு தவறினால் 15,000 ரூபாய் ஷூவும் வீண். என்னிடம் வரும் குறைகளில் அதிகம் இதுதான். நம்மில் பலருக்கு முன்பாதம் அகலம். சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்து, ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட இந்தியப் பாதம் அகலமானது என்று கண்டிருக்கிறது. கடையில் கிடைப்பதோ பெரும்பாலும் அயல்நாட்டு அளவுமுறை. இறுக்கமாக இருக்கிறதே என்று ஓர் எண் பெரியதாக வாங்குகிறோம். பிரிட்டிஷ் அளவில் ஓர் எண்ணுக்கு நீளம் ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர் கூடும். வேண்டியது அகலம், கிடைப்பது நீளம். குதிகால் நழுவும், ஷூ மடிய வேண்டிய இடத்தில் மடியாது, அப்பர் சீக்கிரம் கிழியும். அகல அளவு தரும் தயாரிப்பாளரைத் தேடுங்கள். கால்மேடு, அதாவது பாதத்தின் மேற்புறம், உயர்ந்தவர்கள், கயிற்றுப் பகுதி விரிந்து கொடுக்கும் டெர்பியை வாங்குங்கள், அந்தப் பகுதி விரியாமல் மூடியிருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு வேண்டாம். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், நின்றபடி போட்டுப் பாருங்கள். சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் 'கடிக்கவில்லை' என்ற உணர்வை நம்பாமல், அளந்தே வாங்க வேண்டும்.

இனி கணக்கு. விலை உயர்ந்த ஷூவை வாங்குவதே சிக்கனம் என்று இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். எண்களைப் போட்டுப் பார்த்தால் அது அவ்வளவு எளிதாக நிற்பதில்லை. வாரம் மூன்று நாள் வீதம் ஆண்டுக்கு 150 நாள் அணிவதாக வைத்துக்கொள்வோம். 4,000 ரூபாய் சிமென்டட் ஷூ இரண்டு ஆண்டு உழைத்தால், ஒரு நாளுக்கு 13 ரூபாய் சொச்சம். 14,000 ரூபாய் வெல்ட் ஷூ, தலா 3,000 ரூபாயில் இரண்டு முறை சோல் மாற்றி எட்டு ஆண்டு வந்தால், மொத்தம் 20,000. ஒரு நாளுக்கு ஏறத்தாழ 17 ரூபாய். மூன்றாவது முறையும் சோல் மாற்றிப் பன்னிரண்டு ஆண்டுக்கு இழுத்தால்தான் அது 13 ரூபாய்க்கு இறங்கி வருகிறது. அத்தனை ஆண்டும் உங்கள் கால் அளவு மாறாதிருக்க வேண்டும், அப்பரைப் பேணியிருக்க வேண்டும், வெல்ட் தைக்கும் இயந்திரம் வைத்திருப்பவர் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தெருமுனையில் ஷூ தைப்பவர் எவ்வளவு கைத்திறம் உள்ளவரானாலும் அந்த இயந்திரம் அவரிடம் இருக்காது. கூரியரில் அனுப்பி வாங்கும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே நல்ல ஷூவை வாங்குகிறவர், அந்த நடையும் தோற்றமும் பிடித்திருப்பதால் வாங்குகிறேன் என்று சொல்லிக்கொள்வதே நேர்மை.

விலைக்குள் வரியும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஜோடிக்கு 5 விழுக்காடும், அதற்கு மேல் 18 விழுக்காடும் ஜி.எஸ்.டி. என்பதால், வரி உட்பட 12,000 ரூபாய் என்று எழுதியிருக்கும் ஷூவில் ஏறத்தாழ 1,830 ரூபாய் வரிக்கே போகிறது. இங்கிலாந்தின் நார்தாம்ப்டனில் செய்யும் புகழ்பெற்ற ஷூக்கள் 500 பவுண்டைத் தாண்டுகின்றன. அந்த வேலைப்பாட்டை நான் மதிக்கிறேன்; ஆனால் நல்ல தோலும் உண்மையான வெல்ட்டும் கிடைத்துவிட்ட விலைக்கு மேல் நாம் கொடுப்பது பெரும்பாலும் மெருகுக்கும், சோலின் நடுவில் மெலிந்த வளைவுக்கும், பெயருக்கும்தான்.

எந்த விலையில் வாங்கினாலும் ஒரே ஜோடியை அடுத்தடுத்த நாள் அணியாதீர்கள்; வியர்வை உலர ஒரு நாள் வேண்டும். உள்ளே மர அச்சு வையுங்கள், இல்லையேல் பழைய செய்தித்தாளாவது திணியுங்கள். மழைக்காலத்தில் தோல் சோல் வேண்டாம். துணிப்பையில் வைத்தால் பூஞ்சை குறையும்.

வங்கி அதிகாரியிடம் திரும்புகிறேன். வெல்ட் ஷூ ஒன்று வாங்கிவிடட்டுமா என்று கேட்டார். இப்போது ஆண்டுக்கு எத்தனை நாள் ஷூ போடுகிறீர்கள் என்றேன். யோசித்துவிட்டு, நான்கைந்து நாள் இருக்கும் என்றார். பழைய சோலின் மிச்சத்தைச் சுரண்டி எடுத்து, அப்பரின் அடியைத் தேய்த்து, ரப்பர் ஷீட்டில் அளவாக வெட்டிய சோலை ஒட்டி, சுற்றிலும் ஒரு தையலும் போட்டுக் கொடுத்தேன். 1,100 ரூபாய் ஆனது. முன்பைவிடக் கொஞ்சம் கனக்கிறது என்று அவருக்கு ஒரு குறை இருக்கிறது. ரப்பர் கனக்கத்தான் செய்யும் என்று சொல்லி அனுப்பினேன்.